ஐந்து விநாடி

அத்தியாயம் 14

ஒரே டெலிஃபோன் லைனை மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்துக்கொண்டிருந்த ஒகிட்டா வீட்டில், போன வாரம் ஒருவழியாகச் சமாதானம் ஏற்பட்டதைப் பார்த்தோம். சமாதானத்தைக் கொண்டுவந்தது மனிதர் யாரும் இல்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கடைசி மகள் சனாயே அதை ஒசாகாவிலிருந்து வாங்கிவந்து, சமையற்கட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

அப்பா ஈசாகுவுக்கு ஃபேக்ஸ் வேண்டும். அமாகசாகியின் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் காலை ஒன்பதரைக்குள் இன்றைக்கு இத்தனை மதியச் சாப்பாடு என்று எழுதி அனுப்புவது அதில்தான். சனாயேவுக்கு மோடம் வேண்டும். வீட்டிலிருந்தபடியே பதிப்பகத்துக்கு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை அவளுடையது. அம்மா ஃபுமிக்கு ஆன்சரிங் மெஷின் வேண்டும். எதற்கு என்று அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எல்லாருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன மகன் மிட்சுரு, எல்லாரும் சாப்பாடு கொடுக்கப் போயிருக்கும் நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான்.

இன்னொரு லைன் வாங்கினால் தீர்ந்தது. ஆனால் ஈசாகு அசைவதாக இல்லை. சமையற்கட்டில் இருக்கும் மூணு பேருக்கு ரெண்டு ஃபோன் எதற்கு என்று கேட்டார். அவரிடம் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது.

ஆகவே பெட்டி வந்தது. அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தவரும் ஈசாகுதான். ஃபோன் அடித்தால் முதலில் பெட்டி எடுக்கும். ஆன்சரிங் மெஷினில் ஈசாகுவின் குரல், 'ஒகிட்டா சாப்பாட்டுக் கடை. பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்' என்று சொல்லும். பெட்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். எதிர்முனையில் யாராவது பேசினால் மெஷினிடமே விட்டுவிடும். பீப் பீப் என்று கேட்டால் ஃபேக்ஸுக்குத் தள்ளிவிடும்.

இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தால்?

அங்கேதான் வந்தது வினை. நகனோ ஸ்பிரிங் கம்பெனியில் ஒரு கிழட்டு ஃபேக்ஸ் மெஷின். அது பீப் எல்லாம் போடாது, ஊமை. பெட்டி வந்த மறுநாளே அவர்களுடைய முப்பத்தாறு சாப்பாட்டு ஆர்டர், ஆன்சரிங் மெஷினில் வெறும் அமைதியாகப் பதிவாகி வீணாய்ப் போயிற்று. ஈசாகு அங்கே போய் இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டார். அவள் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அமைதியாக இருந்தால் ஃபேக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். ஐந்து விநாடி, பத்து விநாடி, இருபது விநாடி என்று மூன்று அளவு இருந்தது. எது என்று அப்பாவைக் கேட்டாள்.

எது குறைச்சலோ அது, என்றார் ஈசாகு.

சனாயே சின்ன ஸ்குரூ டிரைவரால் ஒரு பொத்தானைத் தள்ளினாள். ஐந்து விநாடி. அத்தனை பெரிய காரியம் அத்தனை சுளுவாக முடிந்தது. இப்போது நினைத்தால் எனக்கே அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை. நவம்பர் மாதத்துக்குப் பொருந்தாத வெயில். ஒன்பதரைக்குள் இருபத்திரண்டு ஃபேக்ஸ் வந்தன. நகனோ ஸ்பிரிங்கும் ஒழுங்காக வந்தது. கம்பெனி ஆரம்பித்த நாளாம், ஆறு பேருக்கு மட்டும், நல்ல நாட்களில் செய்யும் சிவப்புப் பயறு போட்ட சோறு முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். ஃபுமி முந்தின நாளே பயறு ஊறப் போட்டிருந்தாள். கொஞ்சம் கூடுதலாகவே.

பத்தே முக்காலுக்கு உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் கிளம்பிவிட்டார்கள். ஈசாகுவும் ஃபுமியும் வேனில் ஏறினார்கள். சனாயே ஸ்கூட்டரின் பின்னால் முப்பது டப்பாக்களைக் கட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனாள். பன்னிரண்டே முக்கால் வரை வீட்டில் ஈ காக்கை இருக்காது. இருபது வருஷமாக இதே வழக்கம். அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் அது மனப்பாடம்.

திரும்பி வந்தபோது ஃபேக்ஸ் மெஷின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே வாசகம். வரவில்லை, பிழை. 11:05. வரவில்லை, பிழை. 11:09. அப்புறம் 11:16. அப்புறம் 11:31.

நகனோக்காரன் மெஷினை ஆற்றில் தூக்கிப் போட்டால் என்ன என்று ஈசாகு முணுமுணுத்தார். அவர்கள் காலையிலேயே அனுப்பிவிட்டார்களே என்றாள் சனாயே. அப்படியானால் வேறு எந்த ஊமையாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

ஃபுமி யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஆன்சரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினாள். தினமும் செய்வதுதான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவள் முதல் வேலை அது.

நான்கு செய்திகள்.

முதல் செய்தியில் ஈசாகுவின் குரல் முடிந்து, பீப் ஒலித்து, ஒன்றுமில்லை. பிறகு காதைக் கிழிக்கும் ஃபேக்ஸின் கூச்சல். கட். இரண்டாவதும் அப்படியே. சனாயே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் காதில் வாங்கவே இல்லை.

மூன்றாவதில் பீப் ஒலித்ததும் ஒரு மூச்சு கேட்டது. அதைத் தொடர்ந்து, ரிசீவரை நகத்தால் தட்டுகிற சத்தம். டக். டக். டக். கூச்சல். கட்.

ஃபுமி அதைத் திரும்பப் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். சனாயே அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

மிட்சுருவுக்குத் திக்கும். சும்மா ஒரு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்கல் இல்லை. முதல் வார்த்தை தொண்டையில் வந்து நின்றுவிடும். சத்தமே வராது. பத்து விநாடி, சில நாள் அரை நிமிஷம். அதை வெளியே தள்ளுவதற்கு அவன் எதையாவது தட்டுவான். தொடையை, மேஜையை, சாப்பாட்டுக் கிண்ணத்தை. தட்டித் தட்டி ஒருவழியாக வார்த்தை புறப்படும் நேரத்தில் ஈசாகு, "சொல்ல வர்றது இதுதானே" என்று தானே முடித்து வைத்துவிடுவார். கெட்ட எண்ணத்தில் இல்லை. சமையற்கட்டு அவசரம்.

நாலு வருஷத்துக்கு முன் வருஷப் பிறப்பன்றும் அதுதான் நடந்தது. சொந்தக்காரர்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிட்சுரு எழுந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். ஈசாகு, "கடை வேண்டாம், அதானே? வேண்டாம்னா போ" என்றார். அவன் போய்விட்டான். அன்றைக்கு அவன் உண்மையில் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான்காவது செய்தி. பீப். டக். டக். இந்த முறை வார்த்தை வந்துவிட்டது, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே வேகத்தில்.

"அம்மா, ரெண்டு மணிக்கு"

அதற்கு மேல் கிடையாது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவன் நின்றுவிட்டான். பெட்டி ஐந்து வரை எண்ணியது. கூச்சல். கட்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

ஐந்து விநாடிப் பொத்தானைத் தள்ளியபோது அண்ணன் ஞாபகமே தனக்கு வரவில்லை என்பதுதான் சனாயேவின் மனத்தில் முதலில் வந்தது. சாயங்காலம் வரை அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஈசாகு துண்டால் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அவரும் கேட்டுவிட்டிருந்தார். ஃபுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போதும் உயரவில்லை.

"இந்தப் பெட்டி யாருகிட்ட கத்துக்கிச்சுன்னு பார்த்தீங்களா? உங்ககிட்டதான். புள்ள வாயைத் திறக்கறதுக்குள்ள பிடுங்கிக்குது."

ஈசாகு பதில் சொல்லவில்லை. அந்தத் தெருவே வந்து பார்த்திருக்க வேண்டிய காட்சி.

ஃபுமியிடம் அவருக்குத் தெரியாத ஒரு ரகசியம் இருந்தது. அதை இப்போது சொன்னாள். சனாயேவின் பள்ளித் தோழி ஒருத்தி, போன மாதம் மிட்சுருவை ஹிமேஜியில் பார்த்திருக்கிறாள். பசை அப்பிய மேல்துணி கட்டியிருந்தானாம், ஏதோ புத்தக பைண்டிங் கடையில் வேலை போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண். நிறைமாதம். விலாசம் எதுவும் தெரியாது.

அதைச் சொல்லும்போதே ஃபுமியின் முகம் மாறிக்கொண்டு வந்தது. சனாயே கவனித்தாள். அம்மா விரல்விட்டு எண்ணுகிறாள்.

"பொறந்திருக்கு," என்றாள் ஃபுமி. "பொறந்து ஏழாம் நாளா இருக்கும். பேர் வைக்கறாங்க. ரெண்டு மணிக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கான்."

இருக்கலாம் என்று மூன்று பேருக்குமே தோன்றியது. வேறு எதற்காக ஒருவன் நாலு வருஷம் கழித்து, நாலு தடவை கூப்பிடுவான்?

ஹிமேஜிக்கு வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எங்கே என்று தெரிந்தால் உடனே கிளம்பலாம். தெரிந்துகொள்ள வேண்டுமானால் டெலிஃபோன் ஆபீஸ் விசாரணைக்கு ஃபோன் செய்து, ஹிமேஜியில் இருக்கும் பைண்டிங் கடைகளையெல்லாம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். சனாயே ரிசீவரைக் கையில் எடுத்தாள். ஃபுமி அதைப் பிடுங்கித் திரும்ப வைத்துவிட்டாள்.

"நீ பேசிட்டிருக்கும்போது அவன் கூப்பிட்டா?"

ஒரே லைன். தேடினால் அவனுக்கு மூடிக்கொள்ளும். திறந்து வைத்தால் தேட முடியாது. பக்கத்து வீட்டு அம்மாள் கிளினிக் போயிருந்தாள். இன்னொரு லைன் எதற்கு என்று கேட்டவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் குத்திக் காட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஈசாகு மேஜை இழுப்பறையைத் திறந்து, கைக்குக் கிடைத்த டெலிஃபோன் கார்டுகளையெல்லாம் அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தெரு முனையில் இருக்கும் சிகரெட் கடையின் பச்சை நிறப் பொது ஃபோனை நோக்கி ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அறுபத்தொரு வயசு மனிதர் மர மிதியடியில் எப்படி ஓட முடியுமோ அப்படி.

அவர் போனதும் சனாயே பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்தாள். ஆணியோடு வந்தது. மோடம் ஒயர், ஃபேக்ஸ் ஒயர் எல்லாவற்றையும் உருவிவிட்டு, வெறும் ஃபோனை மட்டும் லைனில் சொருகினாள். ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய அறுபது பக்கம் கம்ப்யூட்டரில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஃபுமி சும்மா உட்காரவில்லை. ஃபோனுக்குப் பக்கத்திலேயே மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கும் கறுப்பு அரக்குப் பெட்டியைத் துடைத்தாள். மீந்திருந்த சிவப்புப் பயறுச் சோற்றை அதில் அள்ளி வைத்து, கரண்டியால் ஓரம் கட்டினாள். மேலே கறுப்பு எள்ளும் உப்பும் தூவினாள். மருமகள் பால் கொடுக்கிறவள், காரமான ஊறுகாய் வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெயர் என்னவாக இருக்கும் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சனாயேவால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. ரெண்டு மணிக்குப் போய்ச் சேராவிட்டாலும் சாயங்காலம் போய்க் குழந்தையைப் பார்க்கலாமே. தான் செய்த தப்பு அத்தனை பெரிய தப்பாக ஆகாமல் போய்விடலாமே.

ஒன்று முப்பத்தாறுக்கு ஃபோன் அடித்தது.

முதல் மணி முழுதாக முடியவில்லை, ஃபுமி எடுத்துவிட்டாள். எதிர்முனையில் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவசரமே இல்லடா. அம்மா எங்கயும் போகல. நீ மெதுவா ஆரம்பி."

சனாயே கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து விநாடி எப்போதோ தாண்டியிருந்தது. இருபது. முப்பது.

"அந்தக் கூச்சல் ஒண்ணும் இல்ல, மெஷின் கோளாறு. எடுத்துப் போட்டாச்சு. இனிமே யாரும் உன்னை நடுவுல வெட்ட மாட்டாங்க. அப்பாவும் இங்க இல்ல, வெளியில போயிருக்கார். அவர் இருக்காரோன்னு பயப்படாத."

மூச்சு மட்டும்தான். ஏதோ இழுத்து விழுங்குகிற மாதிரி. ஐம்பது விநாடி ஆகிவிட்டது.

"குழந்தை பொண்ணா பையனான்னு மட்டும் சொல்லு கண்ணா. அது போதும் எனக்கு."

"பொண்ணு," என்றது குரல்.

மிட்சுருவின் குரல் இல்லை. ஈசாகுவின் குரல்.

சிகரெட் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் நாலு நிமிஷம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் ஃபோன் செய்தார். செய்த பிறகு வாயும் வரவில்லை. மனைவி மகனுக்காக வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம், அவரைப் பார்த்துப் பயப்படாதே என்று சொன்னது உட்பட, முழுக்கக் கேட்டுவிட்டார்.

"பொண்ணு, ஃபுமி. ஆறு நாள் இருந்துச்சாம்."

ஏழாவது பைண்டிங் கடையில் கிடைத்ததாம். முதலாளிதான் எல்லாம் சொன்னார். குறைமாதமெல்லாம் இல்லை, நெஞ்சில் ஏதோ கோளாறு. நேற்றைக்கு முந்தின நாள் போய்விட்டது. தகனம் இன்றைக்கு, ஹிமேஜி மயானத்தில். இரண்டு மணிக்கு. மருமகள் வீட்டுப் பக்கம் யாரும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

பெயர் வைத்தார்களா என்று ஃபுமி கேட்டாள்.

கொஹாரு, என்றார் ஈசாகு. நவம்பரில் இப்படி எங்கிருந்தோ வந்து இரண்டு நாள் காயும் வெயிலுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

ஃபுமி ரிசீவரை வைத்தாள். அரக்குப் பெட்டியைப் பார்த்தாள். மூடியை எடுத்து மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து, மாடிக்குப் போய்க் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வந்தாள். அழவில்லை. பொத்தான்களை மட்டும் தப்புத் தப்பாகப் போட்டிருந்தாள். சனாயே அவற்றைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஈசாகு வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு மணி நாற்பத்தெட்டு. அவர் கழுத்தில் இன்னும் ஏப்ரன் இருந்தது.

"முகத்தைப் பார்க்க முடியாது," என்றாள் ஃபுமி. "அது போச்சு. எரிஞ்சு முடிஞ்சதும் எலும்பெடுக்கறதுக்காவது நாம நிக்கணும். குடும்பமே கூடி எடுக்கறதை, ரெண்டு பேரா நின்னு எப்படி எடுப்பாங்க?"

பன்னிரண்டே முக்காலுக்கு வந்த கையோடு முழுச் செய்தியும் கேட்டிருந்தால், இரண்டு மணிக்குள் போய் முகத்தையும் பார்த்திருக்கலாம். வேனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தானே. யாரும் அதைச் சொல்லவில்லை. ஈசாகு ஒரே ஒரு தடவை மகளைப் பார்த்தார், பிறகு ஆணி பிய்ந்த சுவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் சனாயேவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, எது குறைச்சலோ அதை வைக்கச் சொன்னது நான்தான் என்று மட்டும் சொன்னார். வேன் கிளம்பிவிட்டது. போன வருஷத்து நிலநடுக்கத்தில் விழுந்து, இந்த செப்டம்பரில்தான் மறுபடி திறந்த மேம்பாலச் சாலை அன்றைக்குக் காலியாக இருக்க வேண்டுமே என்று சனாயே எந்தச் சாமியையோ வேண்டிக்கொண்டாள்.

யாராவது ஒருத்தர் ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் அவள் போகவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி ஆனபோது எழுந்து நின்றாள். எந்தப் பக்கம் ஹிமேஜி என்று யோசித்து மேற்கே பார்த்துக் கை கூப்பினாள். எதிரே அலமாரியில் ஊறுகாய் ஜாடிகள்தான் இருந்தன. கண்ணீர் அப்போதுதான் வந்தது.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு ஃபோன் அடித்தது.

"ஹலோ," என்றாள். பதில் இல்லை. பின்னணியில் எங்கோ கதவு சாத்தும் சத்தம், கல் தரையில் காலடி. இந்த முறை அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணா," என்றாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் எடுத்துக்கொண்டது நாற்பது விநாடி. ஒவ்வொரு விநாடியும் அவளுக்குத் தெரிந்தது. சிறு பிள்ளையில் இருவருக்கும் ஒரே அறையில்தான் படுக்கை. விளக்கணைத்த பிறகு அவன் பேச ஆரம்பிக்கும்வரை காத்திருந்து, பல நாள் அவள் தூங்கிப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் அவன் அதே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பான்.

"மு... முதலாளி இங்க ஃபோன் பண்ணார். அப்பா தேடினார்னு." மூச்சு. "எதுக்குத் தேடணும்? நா... நாலு தடவையும் அவர்தானே பட்டனை அமுக்கினார்."

சனாயேவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. நாலு தடவையும் அவன் காதில் முதலில் விழுந்தது அப்பாவின் குரல். பிறகு அவனுடைய அமைதி. பிறகு அந்தக் கூச்சல். அப்பா வீட்டில்தான் இருக்கிறார், மூச்சை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிட்டார், ஃபேக்ஸ் பட்டனை அமுக்கித் துரத்துகிறார் என்று நினைத்திருக்கிறான். செத்த குழந்தையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, நாலு தடவை.

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். வீட்டில் யாருமே இல்லை. வழக்கம்போல எல்லாரும் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தார்கள். ஒரு பெட்டி வாங்கி மாட்டியிருந்தோம். பேச்சுக் கேட்காவிட்டால் அது தானாகவே ஃபேக்ஸுக்குத் தள்ளிவிடும். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததும் மர மிதியடியோடு தெருவில் ஓடினார். அம்மாவும் அவரும் வேனில் வந்துகொண்டிருக்கிறார்கள், மூன்று மணி சுமாருக்கு வந்துவிடுவார்கள். தயவுசெய்து அதுவரை எலும்பெடுக்காமல் இரு.

"பெட்டியை மாட்டினது நான்தான்," என்றாள். "அஞ்சு செகண்ட்னு வெச்சதும் நான்தான்."

மறுபடியும் அமைதி. அந்த அமைதிக்குள், தூரத்தில், யாரோ ஒரு ஆள் மரியாதையான குரலில் ஒகிட்டா குடும்பத்தார் எலும்பெடுக்க வரலாம் என்று கூப்பிடுவது கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். மிட்சுரு அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"அ... அஞ்சு செகண்டா?"

"ஆமா."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிதான் கேட்டான்.

"எனக்கு அஞ்சு செகண்ட் போ... போதாதுன்னு உனக்குத் தெரியாதா, சனாயே?"

தெரியும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகள் போய்க்கொண்டிருந்தன. எதிர்முனையில் அவளுக்காக அவன் காத்திருந்தான். மயானத்து ஆள் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். லைன் அறுந்தது.

அவன்தான் வைத்தானா, கார்டு தீர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி இரண்டு நாற்பத்தாறு. வேனில் ஃபோன் கிடையாது.